ஜூடி சில்லின் ‘ஹார்ட் ஃபுட்’: வாழ்க்கைக் கதையும் இசைப் பொருளும்

1973ஆம் ஆண்டு அமெரிக்காவின் அசைலம் நிறுவனம் வெளியிட்ட ‘ஹார்ட் ஃபுட்’ என்னும் இசைத்தட்டு விற்பனையில் தோல்வி கண்டது. அதன் பாடல்களை இயற்றிப் பாடிய ஜூடி சில் (1944–1979) தம் வாழ்நாளில் வேறு இசைத்தட்டு எதனையும் அதன்பின் வெளியிடவில்லை. 2000க்குப் பிந்தைய மறுவெளியீடுகளாலும் 2022இல் வந்த ஓர் ஆவணப்படத்தாலும் அவர் பெயர் மீண்டும் பேசப்படுகிறது. ஆயினும் பேசப்படுவது பெரும்பாலும் அவர்தம் வாழ்க்கையே: இளமையிற் செய்த கொள்ளை, சீர்திருத்தப் பள்ளி, ஹெராயின், சிறை, 35ஆம் வயதில் மரணம். இசைத்தட்டு அவ்வாழ்க்கையின் சான்றாவணமாகக் கேட்கப்படுகிறது. இது முன்னைய புறக்கணிப்பினும் தீங்கு குறைந்தது என்று கூறுவதற்கில்லை. ஆண்டாள் பாசுரங்களைக் குருபரம்பரைக் கதைகளின் வழியே மட்டும் கற்பிக்கும் வகுப்பறைகளை அறிந்த நமக்கு இப்போக்கு புதிதன்று.

அக்காலத்து லாஸ் ஏஞ்சலிஸ் பாடலாசிரியர்களிடம், தனிக்குரலும் ஒரு கித்தாரும் உண்மையுணர்வின் அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன. இசைக்குழுவோ ஒலிப்பதிவுக்கூடத்தில் பிறர் பின்னர்ச் சேர்க்கும் அணியெனக் கருதப்பட்டது. சில்லின் முதல் இசைத்தட்டிலும் (1971) இசைக்குழுப் பகுதிகளை அமைத்தவர்கள் டான் பேக்லியும் பாப் ஹாரிசும் ஆவர். இரண்டாவதில் அவரே அவற்றை எழுதி, அவரே நடத்தினார். விமர்சகர்கள் இதனை வியந்து குறிப்பிட்டுவிட்டு அப்பாற் செல்வர். பாடலின் பொருள் எங்குள்ளது என்னும் வினாவையே மாற்றிவிடும் செய்தி இது.

‘தி கிஸ்’ என்னும் பாடலை எடுத்துக்கொள்வோம். பாடுபவர் குரலில் நடுக்கமில்லை. ஏக்கத்தைக் காட்டும் குழைவும் இல்லை. ஒரு செய்தியை ஒப்புவிப்பது போன்று சீராக நகர்கிறது. ஏக்கம் தந்திக் கருவிகளிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. சொற்றொடர் முடியும் இடத்தில் ஓய்வு வருமென எதிர்பார்க்கும் செவிக்கு அவை அதனை மறுத்து, மேலும் ஒரு படி ஏறுகின்றன. இறைவனோடு ஒன்றுதல் என்னும் பொருளைச் சொற்கள் சுட்டுகின்றன. அது தள்ளிப்போகும் துன்பத்தை இசைக்குழு நிகழ்த்துகிறது. இதே பாடலைச் சில் 1973இல் பிபிசி தொலைக்காட்சியில் பியானோவுடன் தனித்துப் பாடிய பதிவும் கிடைக்கிறது. அதுவே தூயது என்று போற்றுவோர் உளர். என் கருத்தில் அங்கு நாம் கேட்பது வேண்டுதல் மட்டுமே. வேண்டுதலுக்கு மறுமொழி கூறும் மற்றொரு தரப்பு இசைத்தட்டில்தான் உண்டு.

எல்லாப் பாடல்களும் இத்தரத்தின என்று கூற இயலாது. ‘சோல்ஜர் ஆஃப் தி ஹார்ட்’ உரத்த உற்சாகத்திற்கு மேல் எதையும் தரவில்லை. நாட்டுப்புறப் பாங்குடைய ‘தி விஜிலான்டி’ இனிமையானது. ஆயினும் அதனை வேறொருவரும் எழுதியிருக்கக்கூடும்.

இறுதிப் பாடலாகிய ‘தி டோனர்’ அவ்வாறானதன்று. ஏறத்தாழ எட்டு நிமிடம் நீளும் இதில், இரக்கம் வேண்டும் கிரேக்க வழிபாட்டுத் தொடரான ‘கீரியே எலெயிசோன்’ திரும்பத் திரும்ப வருகிறது. சீர்திருத்தப் பள்ளியில் தேவாலய ஆர்கன் பயின்றவர் சில். பாக்கைத் தம் முன்னோடியாகக் கூறியவர். ஒன்றையொன்று தொடர்ந்தும் விலகியும் நகரும் குரல் வரிசைகளில் அப்பயிற்சி தெரிகிறது. எனினும் பாக்கின் சேர்ந்திசையைப் பாடியது ஒரு சபை. அவ்வேண்டுதலும் சபையோர் கூடி எழுப்புவதற்கென அமைந்தது. இங்கோ ஒருவரே தம் குரலை மீண்டும் மீண்டும் பதிந்து, அடுக்கி, ஒரு சபையை உருவாக்குகிறார். கேட்பவர் முதலில் ஒரு பெருங்கூட்டத்தை உணர்கிறார். பின்னர்தான் அக்குரல்களுள் பல ஒருவருடையனவே என்பது செவிக்குப் புலப்படுகிறது.