பாலைவழியில் ஒரு தம்பதி: பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்?

ஆர்.கே.பேட்டையில் சித்திரை வெயிலில் திருத்தணி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் பால் பவுல்ஸின் ‘தி ஷெல்ட்டரிங் ஸ்கை’ (1949) நாவலைப் படித்து முடித்தேன். சகாராவைப் பற்றிப் படிக்கத் தோதான இடமும் வேளையும்தான். நாவல் பிடித்ததா என்றால், பிடித்தது. ஆனா ஒரு நெருடல் மட்டும் போகவே இல்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கதை இதுதான். போர்ட், கிட் என்ற அமெரிக்கத் தம்பதி, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வட ஆப்பிரிக்காவுக்கு வருகிறார்கள். கூடவே டன்னர் என்றொரு நண்பன். விரிசல் விட்ட மணவாழ்க்கையை இந்தப் பயணம் ஒட்டவைக்கும் என்று போர்ட்டுக்கு ஒரு நப்பாசை. தெற்கே, இன்னும் தெற்கே என்று பாலைக்குள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். போர்ட் டைபாய்டில் சாகிறான். கிட் நிலைதவறி, வழியில் வந்த ஒட்டக வணிகர்களோடு போய்விடுகிறாள். 1990-இல் பெர்டோலுச்சி இதைப் படமாக எடுத்தார்.

தனிமையை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய நாவல்கள் குறைவு. குறை வேறிடத்தில் இருக்கு. இத்தனை ஊர் கடக்கிறார்கள், இத்தனை பேரைப் பார்க்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் இந்தத் தம்பதியைப் பற்றி என்ன நினைத்தார்கள்? நாவல் அதைக் கேட்பதே இல்லை. அவர்கள் டீ கொடுக்கிறார்கள், பஸ் ஓட்டுகிறார்கள், திருடுகிறார்கள், பயமுறுத்துகிறார்கள். அவ்வளவுதான். தான் வெறும் சுற்றுலாக்காரன் இல்லை, பயணி என்று போர்ட்டுக்கு ஒரு பெருமை உண்டு. ஆனா பாலைவனம் கடைசிவரை அவனுடைய மனசின் கண்ணாடியாகவே நின்றுவிடுகிறது. இன்று கேமராவோடு சகாராவைக் கடக்கும் தம்பதிகளின் வீடியோக்களும் பெரும்பாலும் இப்படித்தான்: நாங்கள், எங்கள் வண்டி, எங்கள் வானம்.

நம்மிடமும் பாலையைக் கடக்கும் ஜோடிக் கதை இருக்கு. சங்க இலக்கியத்தில் அதற்குப் பெயர் உடன்போக்கு. நம்ம பாலை மணல்வெளி இல்லை. மழை பொய்த்து வறண்டுபோன காடும் மலையும். ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலை நூறில், ஒரு பத்து முழுக்க மகளைப் பறிகொடுத்த தாயின் புலம்பல். அடுத்த பத்து இடைவழியில் நடக்கும் பேச்சு. அதற்கடுத்த பத்து அவர்கள் திரும்பி வருவதைப் பற்றியது. அதில் ஒரு தாய், அவர்கள் வரும்படி கரைந்தால் பொற்கிண்ணத்தில் கறிச்சோறு வைக்கிறேன் என்று காக்கையிடம் பேரம் பேசுகிறாள். கலித்தொகையில் பெண்ணைத் தேடிப்போன செவிலி, எதிரே வந்த துறவிகளிடம் பார்த்தீர்களா என்று விசாரிக்கிறாள். பார்த்தோம் என்கிறார்கள். சந்தனம் மலையில் பிறந்தாலும் பூசுகிறவர்க்குத்தானே பயன், உன் மகளும் அப்படித்தான், வருந்தாமல் திரும்பிப் போ என்று சமாதானமும் சொல்கிறார்கள். ஜோடியைவிட, விட்டுவந்த வீடும் வழியில் பார்த்தவர்களும்தான் அங்கே அதிகம் பேசுகிறார்கள்.

இதை வைத்து நாம் காலரைத் தூக்கிவிட முடியாது. பாலையிலேயே வாழ்ந்த எயினரும் மறவரும் தொகைப் பாடல்களில் பெரும்பாலும் வில்லோடு மறைந்திருக்கும் ஆபத்தாகத்தான் வருகிறார்கள். பவுல்ஸிடம் சொன்ன குறை இங்கேயும் கொஞ்சம் ஒட்டும்.

இளங்கோ அதைத் தாண்டுகிறார். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடக்கும் வழியில்தான் வேட்டுவ வரி வருகிறது. எயினர்களின் கொற்றவைக் கோயில், அவர்களின் கூத்து, அவர்களின் குறை. சாமி வந்த சாலினி கண்ணகியைக் காட்டிப் புகழ்கிறாள். கண்ணகியோ, கிழவி ஏதோ அறியாமல் சொல்கிறாள் என்று கணவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிச் சிரிக்கிறாள். பின்னால் நடக்கப்போவது நமக்குத் தெரியும். அவள் யார் என்பதை அவளுக்கு முன்பே கண்டு சொன்னது அந்தப் பாலைவாசிதான். ஒரு பயணக்கதை நிலத்துக்காரருக்குக் கொடுக்கக்கூடிய உச்சபட்ச மரியாதை இது என்று நினைக்கிறேன்.

பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது வெறும் இலக்கியச் சங்கதி இல்லை. 2003-இல் விருத்தாசலம் பக்கத்தில் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட இருவரை விஷம் கொடுத்துக் கொன்றார்கள். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆனது. கலித்தொகைத் துறவிகள் சொன்ன பதிலை அங்கே யாராவது உரக்கச் சொல்லியிருந்தால்?

பஸ் வந்தது. இந்த ஸ்டாப்பில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் காதில் விழும். எல்லை தாண்டிப் போகிற ஜோடி ஒன்று என்றாவது இங்கே வந்து நின்றால், பின்னாலேயே தேடி வருகிறவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? பவுல்ஸின் நாவல் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. நம்ம பழைய பாட்டு கேட்கிறது.