கமெரா யாருடைய கையில்?

ஐக்கிய அமெரிக்காவின் பிரதிநிதிகள் சபை நடவடிக்கைகளை 1979 மார்ச் 19 முதல் சீ-ஸ்பான் அலைவரிசை நேரடியாக ஒளிபரப்பி வருகிறது. அரசாங்கப் பணம் அதற்கில்லை. கேபிள் கம்பனிகளின் கட்டணத்தில் நடக்கிறது. வெட்டாமல் காட்டுகிறது என்று புகழ்வோர் பலர். ஆனால் சபைக்குள் இருக்கும் கமெராக்கள் சீ-ஸ்பானுடையவையல்ல, சபையினுடையவை. வெட்டாமல் காட்டுவது வேறு, முழுவதையும் காட்டுவது வேறு.

ஆரம்பத்தில் பேசுபவரை மட்டுமே காட்டுவது வழக்கம். குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச்சும் அவரது சகாக்களும் இதை நன்றாகவே பயன்படுத்தினர். அலுவல்கள் முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர் ஜனநாயகக் கட்சியினரைச் சாடி முழங்குவார்கள். பதில் வராது. வீட்டிலிருந்து பார்ப்பவருக்கு அந்த மௌனம் தோல்வியாகத் தெரியும். 1984 மே மாதம் சபாநாயகர் டிப் ஓநீல் கமெராவைச் சபை முழுவதும் திருப்பச் சொன்னார். வெற்று ஆசனங்கள்! முன்னறிவித்தல் எதுவும் அவர் கொடுக்கவில்லை; அவருக்கும் கமெரா ஓர் ஆயுதமே.

கல்வி அதிகாரி வரும் நாளில் எனது வகுப்பறையும் இப்படித்தான்: கெட்டிக்காரப் பிள்ளைகள் முன்வரிசையில், நானோ வழமைக்கு மாறாகச் சிரித்த முகத்துடன்.

2023 ஜனவரியில் சபாநாயகரைத் தெரிவுசெய்ய 15 வாக்கெடுப்புகள் தேவைப்பட்டன. அதுவரை புதிய சபைக்கு விதிகள் இல்லை. ஆகவே சீ-ஸ்பானின் சொந்தக் கமெராக்கள் உள்ளே இயங்கின. மூலையில் நடந்த பேரம், எதிர்க்கட்சியினரோடு குசுகுசுப்பு, சக உறுப்பினர்மீது பாயப்போனவரைப் பிடித்திழுத்தது எல்லாவற்றையும் மக்கள் கண்டார்கள். நாற்பது வருட ஒளிபரப்பில் காணாத பாராளுமன்றம் அது. பிறகு விதிகள் நிறைவேறின. கமெரா மீண்டும் சபையின் கைக்குப் போயிற்று. தொடர்ந்து படம்பிடிக்க அனுமதி கேட்டு சீ-ஸ்பான் கடிதம் எழுதியது. கிடைக்கவில்லை.