ஆண்டுக்குப் பின்னால் ஒரு சாய்கோடு

மார்க்டவுன் குறிமொழியில் ஒருவருடைய கை எவ்வளவு தேர்ந்தது என்று அறிய நான் அட்டவணைகளைப் பார்ப்பதில்லை. ஆண்டில் தொடங்கும் வரியைத்தான் தேடுவேன்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையையே எடுங்கள். 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கினார், 1959இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது, 1981இல் எரித்தார்கள். மூன்று வரிகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஆண்டு, புள்ளி, ஓர் இடைவெளி. அப்படியே விட்டால், ஜோன் குரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுனின் முதல் நிரல், பட்டியல் என்று எடுத்து 1, 2, 3 என இலக்கமிடும். பின்னர் வந்த கொமன்மார்க் வரையறையைப் பின்பற்றும் கருவிகள் இன்னும் மோசம். முதல் எண்ணை மதிக்கும். மிச்சத்தைத் தாமே கூட்டிக்கொண்டு போகும்: 1933, 1934, 1935. கட்டடம் திறந்த மறுவருடமே நூலகம் எரிந்துவிடும்! 1, 2, 3 என்று வந்தால் எந்தக் கண்ணும் பிடித்துவிடும். 1935 என்று வந்தால் யார் சந்தேகிப்பார்?

இதற்கு வேண்டியது ஒரே ஒரு பின்சாய்கோடு: 1981\. என்று எழுதினால் போதும். அதுவும் புள்ளிக்கு முன்னால்தான். அவசரக்காரர் ஆண்டுக்கு முன்னால் போடுவார்கள். இலக்கத்துக்கு முன் நிற்கும் சாய்கோட்டுக்கு அங்கே வேலையில்லை என்பதால் அது அப்படியே பக்கத்தில் தெரியும். 1981.06.01 என்று திகதியாக எழுதினால் கோடே தேவையில்லை. புள்ளியை அடுத்து இடைவெளி இல்லையே. இந்த நுணுக்கம் தெரிந்து, வேண்டிய இடத்தில் மட்டும் கோடு போட்டிருக்கும் கோப்பைக் கண்டால் எனக்கு ஒரு கச்சேரி கேட்ட நிறைவு.

"1981ஆம் ஆண்டில் என்று மாற்றி எழுதினால் முடிந்ததே" என்பார் சிலர். முடியும்தான். ஆனால் காலவரிசைக் குறிப்பில் ஆண்டு தனித்து நின்றால்தான் கண் தடங்கலின்றி இறங்கும். குறிமொழிக்காக வசனத்தை வளைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விக்கியில் பழகியவர்களுக்கோ எல்லாவற்றையும் நோவிக்கி (nowiki) குறிக்குள் அடைக்கும் வழக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் வரி தொடங்கும் நட்சத்திரக் குறிக்கு அது சரி. அதே பழக்கத்தில் மார்க்டவுனுக்கு வந்து, ஒரு புள்ளிக்காக வரி முழுவதையும் நிரற்பெட்டிக்குள் போடுவது, ஒற்றைப் பனைக்கு வேலி அடைத்துச் சங்கடப்படலையும் வைப்பது போல.

யுனிகோட் பரவ முன்னம் பாமினியில் இணையப்பக்கம் செய்தவர்களைத்தான் நான் உண்மையான வித்துவான்கள் என்பேன். அந்த எழுத்துருவில் 'ஈ' இருந்த இடம் < குறி. காற்புள்ளி இருந்த இடம் > குறி. 'ஈழநாடு' என்று ரைப் பண்ணி அப்படியே பக்கத்தில் ஒட்டினால், ஏதோ கட்டளை தொடங்குகிறது என்று உலாவி நினைக்கும். அடுத்த காற்புள்ளி வரைக்கும் உள்ளதையெல்லாம் விழுங்கிவிடும். பத்திரிகையின் பெயரும் போகும், அதன் பின்னால் வந்த பாதி வசனமும் போகும். அதைத் தடுக்க அந்த 'ஈ' வரும் இடமெல்லாம் &#60; என்று எழுதவேண்டும். ஓர் எழுத்துக்கு ஐந்து குறிகள்! செய்தவர்கள் அலுத்துக்கொள்ளாமல் செய்தார்கள். வாசித்தவர்களுக்கு அப்படி ஒரு பாடு இருந்ததே தெரியாது.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். வேர்ட் கோப்பை மார்க்டவுனாக மாற்றித் தரும் சில மென்பொருள்கள் பயந்த பிள்ளைகள். கண்ட குறிக்கெல்லாம் சாய்கோடு போடுகின்றன. சி\. வை\. தாமோதரம்பிள்ளை என்று வந்த கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். வரி நடுவில் நிற்கும் இனிசியல் புள்ளியை யார் பட்டியலாக எடுக்கப் போகிறார்கள்? அதே கோப்பை இன்னொரு கருவிக்குள் விட்டால் கோட்டுக்கே கோடு போட்டு இரண்டாக்கி, வாசகர் கண்ணில் கொண்டுவந்து நிறுத்தும். முன்பு கவனக்குறைவால் குறி போனது. இப்போது கவனிக்க ஆளில்லாமல் குறி பெருகுகிறது.

அப்படியொரு கோப்பு கைக்கு வந்தால் ஒரே தட்டில் எல்லாச் சாய்கோட்டையும் அழிக்க ஆசை வரும். அழித்தால் நூலகம் மறுபடி 1935இல் எரியும். வரி வரியாகப் பார்த்துக் களையுங்கள். வரித் தலையில் ஆண்டுக்குப் பின்னால் நிற்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.