உள்ளுணர்வும் கணக்கீடும்

கணித மேதை இராமானுஜனைப் பற்றிப் பேசுவோர் பலரும் ஒன்றை மறவாது கூறுவர். நாமகிரித் தாயார் கனவில் தோன்றிச் சூத்திரங்களை அருளினாள் என்பதே அது. அவரும் அதனை நம்பினார். ஆயின் பேச்சு அத்தோடு நின்றுவிட்டால் மாணவன் மனத்தில் எது பதியும்? ‘கணிதம் வரம் பெற்றோர்க்கே உரியது’ என்பதுதான். சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்கு இதனினும் தீய பாடம் இல்லை.

நிகழ்ந்ததை நோக்குவோம். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 வகையாகப் பிரிக்கலாம். இவ்வாறு 200 வரையுள்ள எண்களுக்கு மெக்மகான் என்பவர் கையால் கணக்கிட்டு அட்டவணை தந்தார். அதனைக் கூர்ந்து நோக்கிய இராமானுஜன், 4இலும் 9இலும் முடியும் எண்களின் வகைத்தொகை யாவும் 5ஆல் வகுபடுவதைக் கண்டார். 1919இல் அதனை நிறுவியும் காட்டினார். அவரது உள்ளுணர்வுக்கு உணவளித்தது கணக்கீடே.

5, 7, 11 ஆகியவற்றின் அடுக்குகளுக்கும் இவ்வொழுங்கு உண்டென அவர் ஊகித்தார். அதன்படி 243இன் வகைத்தொகை, 7இன் மூன்றாம் அடுக்காகிய 343ஆல் வகுபட வேண்டும். அவர் கண்ட அட்டவணையோ 200உடன் முடிந்தது. அவர் மறைந்தபின் ஹன்ஸ்ராஜ் குப்தா அதனை 300 வரை நீட்டினார். அதனைக் கொண்டு 1934இல் சௌலா பிழையைக் கண்டார். அத்தொகை 133978259344888. இதனை 343ஆல் வகுத்தால் 245 மிஞ்சும். 49ஆல் வகுத்தால் மிச்சமில்லை. 1938இல் வாட்சன், 7க்குரிய விதியைத் திருத்தி நிறுவினார். 5, 11 பற்றிய ஊகங்களோ சரியாகவே நின்றன.

உள்ளுணர்வு வழியைக் காட்டியது. கணக்கீடு அதன் எல்லையைக் காட்டியது.

2021இல் இஸ்ரேலிய ஆய்வாளர் தம் கணினி முறைக்கு ‘இராமானுஜன் இயந்திரம்’ எனப் பெயரிட்டு வெளியிட்டனர். அது π முதலிய மாறிலிகளுக்குப் புதிய சூத்திரங்களை ஊகிக்கின்றது. நிறுவும் பொறுப்பைப் பிறர்க்கு விடுகின்றது. பெயர் பாதியளவே பொருந்தும். எண்களைச் சலித்தெடுப்பது இயந்திரத்தின் வேலை. எதனைத் தேடுவது என வகுத்தவர் மனிதரே.

பால்மரத் தோட்டத்தில் பழுத்த தொழிலாளி, வாளியைத் தூக்கியதுமே எடையைச் சொல்லிவிடுவார். பின்னர்க் கிராணி நிறுத்துச் சொல்லும் எடையோடு அதனை ஒப்பிடுவார். பிறவியில் வந்த திறனன்று அது. நாள்தோறும் நிறுத்துப் பார்த்துப் பழகிய கை. வகுப்பறைக்கும் இதுவே முறை. மாணவன் முதலில் விடையை மதிப்பிட்டுச் சொல்லட்டும். பிறகு கணிப்பானைத் தொடட்டும். மதிப்பிடாது கணிப்பானைத் தட்டுபவன் தன் பிழையையும் அறியான்.