பறம்பின் முற்றமும் லயத்தின் இஸ்தோப்பும்

பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு பறம்பு மலையை விட்டு வெளியேறிய கபிலர் பாடியனவாகப் புறநானூற்றிலே இடம்பெறும் 113ஆம், 114ஆம் செய்யுட்களைக் கையறுநிலைக்கு எடுத்துக்காட்டுகளாக நாம் பயில்கின்றோம். துறையின் பெயரைக் கூறிவிட்டாற் செய்யுளை அறிந்தாயிற்று என்று அமைதிகொள்வது நமது விரிவுரை மண்டபங்களின் வழக்கம். ஆயின், அவ்விரு செய்யுட்களிலும் துயரைக் கூறும் சொற்கள் மிகச் சிலவே. முன்னதில் திறந்த மதுச் சாடிகளும், வீழ்த்தப்பட்ட ஆட்டுக் கிடாய்களும், குறையாத ஊன்சோறும் வருகின்றன. பின்னதிலோ, மதுவைப் பிழிந்தபின் எறிந்த கோது யானை மென்று உமிழ்ந்த கவளம் போலக் கிடக்கின்றது. அதிலிருந்து கசிந்த மது முற்றத்திலே வழிந்தோடுகின்றது.

கண்ணீருடன் செல்லும் ஒருவருக்குக் கோதின் வடிவம் எவ்வாறு புலப்பட்டது? அது அழுதபோது கண்டதன்று, வாழ்ந்தபோது கண்டது. நண்பனும் மலையும் நிலைத்திருக்கும் என எண்ணத்தக்க நாட்களிலேயே கபிலர் அம்முற்றத்தைக் கவனித்திருக்கின்றார். பிரிவு அவருக்குப் பாடும் காரணத்தை அளித்ததேயன்றிப் பாடுபொருளை அளிக்கவில்லை.

இந்நோக்கிலே மலையகத்தின் பிரிவு இலக்கியத்தை அணுகுதல் பயனுடையது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளியினரான 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்தினூடாகக் கடவுச்சீட்டுப் பெற்று, ஹற்றனிலும் நாவலப்பிட்டியிலும் கம்பளையிலும் புகையிரதம் ஏறியோர், நமது பல்கலைக்கழகத்துக்கு அண்மையிலுள்ள பேராதனைச் சந்தியைக் கடந்தே தலைமன்னாருக்குச் சென்றனர். அப்புகையிரதத்துக்கு மக்கள் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’. 1984இல் இராமேஸ்வரத்துக்கான கப்பற் சேவை நின்றபோது அக்காட்சியும் நின்றது.

அழுகைக் கோச்சியைப் பற்றி எழுதப்பட்ட கவிதைகளும் கதைகளும் பல. நான் வாசித்தவற்றுட் பெரும்பாலானவை புகையிரத நிலையத்திலே தொடங்கி அங்கேயே முடிகின்றன. தாய் மகளைக் கட்டிக்கொண்டு அழுகின்றாள், வண்டி நகர்கின்றது, மலைகள் மறைகின்றன. அழுகை உண்மையானது, அதில் ஐயமில்லை. ஆனால் அத்தாய் எத்தகையவள், மகளுடன் எவ்வாறு சச்சரவிட்டாள், எந்த ரொட்டியை யாருக்கென எடுத்து வைத்தாள் என்பன நமக்குத் தெரியாத நிலையில், அவள் ‘பிரியும் தாய்’ என்ற பொதுப்பெயராகவே எஞ்சுகின்றாள். இழக்கப்படுவது இன்னதென்று காட்டாத எழுத்து இழப்பின் அளவையும் காட்ட முடியாது.

இக்குறைபாட்டுக்கு எழுத்தாளரை மாத்திரம் பொறுப்பாக்குதல் நியாயமாகாது. சுரண்டலையும் உரிமை மறுப்பையும் முதன்மைப்படுத்திய விமர்சன மரபு மலையக எழுத்துக்கு ஈழத்து இலக்கியத்திலே இடம் தேடித் தந்தது, அக்கடன் பெரியது. எனினும், துயரத்தைக் காட்டாத பக்கத்தை வெறும் விவரணம் எனத் தள்ளும் பழக்கமும் அதனோடு வளர்ந்தது.

என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ இதற்கு மாறான வழியைக் காட்டுகின்றது. 1980இல் நூலுருப் பெற்ற தொகுதியின் தலைப்புக் கதை அது. ஒரு பெண் வழமையை விஞ்சிய அளவு கொழுந்து எடுக்கின்றாள். அது அவள் கையால் எடுத்ததுதானா என்ற ஐயம் எழுகின்றது. கதைப்பொருள் இவ்வளவே. எவரும் நாட்டைவிட்டுப் போகவில்லை, எவரும் இறக்கவுமில்லை. ஆயினும், கொழுந்து கொய்யும் விரல்களின் வேகத்தையும் அவ்வேகத்திலே ஒரு பெண் கொள்ளும் பெருமிதத்தையும் ஆசிரியர் ஊன்றிக் கண்டிருக்கின்றார். ஒப்பந்தத்தினாற் சிதறுண்ட சமூகம் எது என்று ஓர் அந்நியன் வினவினால், புகையிரத நிலையக் கதைகள் அனைத்துக்கும் முன்னதாக இதனையே அவனிடம் கொடுப்பேன். சி. வி. வேலுப்பிள்ளை மக்கள் வாயில் வழங்கியவற்றைத் திரட்டி 1983இல் வெளியிட்ட ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ தொகுப்பும் இவ்வகையில் விதந்துரைக்கத்தக்கது. மறு ஆண்டில் அவர் காலமானார். அத்தொகுப்பு ஓராண்டு பிந்தியிருப்பின் என்னவாகியிருக்கும் என எண்ணாதிருக்க முடியவில்லை.

இது இலக்கியக் கொள்கை மாத்திரமன்று. எனது பாட்டியின் தமக்கை 1970களிலே கோத்தகிரிக்குச் சென்றவர். ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டாற் பாட்டிக்குக் கூற அதிகமில்லை. “போற அன்னைக்கும் அடுப்ப மெழுகிட்டுத்தான் கெளம்புனாங்க அக்கா” என்பார். அந்த அடுப்பிலே மறுநாட் சமைக்க எவருமில்லை. அவர்கள் வளர்த்த பசுவை முந்திய வாரமே விற்றிருந்தனர். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை என்ற வழக்கப்படி வைத்துக்கொண்ட கயிறு, கடவுச்சீட்டு இருந்த அதே தகரப் பெட்டியிலே கடல் கடந்தது. பாட்டி வேறு ஏதோ பேச்சின் இடையிலே கூறியது இது. நான் கேட்டுப் பெற்ற செய்தியன்று. இத்தகைய செய்திகளை உடையோர் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தோர். நமது ஆய்வேடுகளின் வினாக்கொத்துக்களில் அடுப்பைப் பற்றியோ கயிற்றைப் பற்றியோ ஒரு வினாவும் இருப்பதில்லை.

1823இல் தொடங்குவதாகக் கொள்ளப்படும் மலையக வருகையின் இருநூறாவது ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. மலர்களிலே வரலாறும் கோரிக்கைகளும் நிறைந்திருந்தன, அவை வேண்டியவையே. லயங்கள் ஒழிய வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஒழிக்கப்பட வேண்டிய ஒன்றையும் அன்புடன் நோக்கலாம் என்பதை ஏற்கத்தான் நமது எழுத்துத் தயங்குகின்றது. காம்பராவின் முன்னுள்ள இஸ்தோப்பிலே படங்கும் கூடையும் மாட்டப்பட்டுள்ளன. கிழவர் ஒருவர் சாயத் தண்ணீரை ஆற்றுகின்றார். விடியலிற் பெரட்டுக்குச் செல்பவளை முதலாம் திருப்பம் வரை தொடர்ந்து சென்ற நாய் தனியே திரும்பி வந்து வாசலிற் படுக்கின்றது. ஹந்தானை மலைச்சரிவிலே, நாம் விரிவுரைக்கு விரையும் நேரத்தில், இன்றும் காணத்தக்கவை இவை. அந்த நாயை நான் இதுவரை எந்தச் சிறுகதையிலும் சந்தித்ததில்லை.