பூட்டிய தட்டும் பாடபேதமும்

1

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க நண்பன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து தோற்றுக்கொண்டிருந்தேன். ஒரே ஜாஸ் ஒலிப்பதிவின் இரண்டு கோப்புகள். ஒன்று, சூப்பர் ஆடியோ சி.டி. (எஸ்.ஏ.சி.டி.) என்னும் தட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குள் உருவி எடுத்த உயர்துல்லியக் கோப்பு. மற்றது, அதையே சாதாரண சி.டி.யின் அளவுக்குக் குறைத்தது. எது ஓடுகிறது என்று திரையைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். 16 முறையில் 9 முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டியிருந்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தேறியிருக்கும். "சிம்பல் சத்தம் எப்படி அடங்குதுன்னு கவனிடா" என்றான். கவனித்தேன். ஒண்ணும் தெரியல. பிறகு அவனை உட்காரவைத்தேன். அவனுக்கு 8.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு முந்தைய மாதம் இதே அறையில், இதே ஒலிப்பதிவின் கடைச் சி.டி.யையும் எஸ்.ஏ.சி.டி.யையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே குரலில் சிலாகித்தோம். அன்று கேட்டது பொய்யா? இல்லை. இன்று கேட்காமல் போனது பொய்யா? அதுவும் இல்லை. அப்படியானால் அன்று நாங்கள் கேட்ட வித்தியாசம் எதனுடையது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து புறப்படுகிறது.

2

தட்டின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். 1982இல் சோனியும் பிலிப்ஸும் சந்தைக்குக் கொண்டுவந்த சி.டி. பூட்டில்லாத பண்டம். விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதிவைக்கிறது. அதை அப்படியே படியெடுக்கும் கருவி அன்று வீடுகளில் இல்லை. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டரோடு சி.டி. டிரைவும் வீடுகளுக்குள் வந்தது. திறந்து கிடந்த தட்டு திறந்த புத்தகமாகிவிட்டது.

1999இல் அதே இரண்டு நிறுவனங்கள் எஸ்.ஏ.சி.டி.யைக் கொண்டுவந்தன. இதில் விநாடிக்கு 28,22,400 அளவுகள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிட். டி.எஸ்.டி. என்று இம்முறைக்குப் பெயர். சி.டி.யைப்போல 64 மடங்கு வேகம் என்பது பெருமை. மொத்தப் பிட்டுகளைக் கணக்குப் போட்டால் நான்கு மடங்குதான். ஆனால் சி.டி.யில் இல்லாத ஒன்று இதில் இருந்தது: பூட்டு. தட்டின் உள்ளடக்கம் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். திறப்பதற்கான குறிப்பின் ஒரு பகுதி, தட்டிலுள்ள நுண்குழிகளின் அகல வேறுபாட்டிலேயே ஒளித்துவைக்கப்பட்டிருக்கும். கம்ப்யூட்டர் டிரைவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. உரிமம் பெற்ற பிளேயரில்தான் கேட்கலாம். பிளேயரும் இதைப் பூட்டில்லாத எண்வடிவில் வெளியே விடாது. 2000இல் போட்டிக்கு வந்த டி.வி.டி. ஆடியோவும் இப்படிப் பூட்டோடுதான் வந்தது. 1999இல் டி.வி.டி. படங்களின் பூட்டு உடைபட்டதில் நிறுவனங்களுக்கு ஏற்பட்ட பீதி அதன் வருகையையே தாமதப்படுத்தியது.

பூட்டு எப்படித் திறந்தது என்பது சுவாரசியமான கதை. யாரும் அதன் கணிதத்தை உடைக்கவில்லை. 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பெட்டியின் ஆரம்ப மாடல்கள் எஸ்.ஏ.சி.டி.யை வாசிக்கும். அதன் உள்நிரல் 3.55 அல்லது அதற்கு முந்தியதாக இருந்தால் வெளியார் எழுதிய நிரலையும் அதில் ஓட்ட முடிந்தது. 2011இல் அப்படி ஒரு நிரல் புழக்கத்துக்கு வந்தது. பிற்பாடு சில ப்ளூரே பிளேயர்களிலும் வழி கிடைத்தது. ஒரு யு.எஸ்.பி. குச்சியில் சிறு நிரலைப் போட்டுச் செருகி, பிளேயரை வீட்டு நெட்வொர்க்கில் இணைத்தால் போதும். கம்ப்யூட்டர் கேட்கக் கேட்க, பிளேயரே தன்னிடமுள்ள சாவியால் திறந்து தட்டை வரிசையாக அனுப்பிவைக்கும். சில ஜி.பி. அளவுள்ள ஒற்றை ஐ.எஸ்.ஓ. கோப்பு வந்துசேரும். அதிலிருந்து ஒவ்வொரு பாட்டையும் டி.எஸ்.எஃப். கோப்பாகப் பிரித்துக்கொள்ளலாம், அல்லது 24 பிட் ஃப்ளாக் ஆக்கிக்கொள்ளலாம். ஆக, காவலாளியேதான் கதவைத் திறந்துவிட்டிருக்கிறான். ஒரு வீட்டுக்குள் சாவியை வைத்துவிட்டு, அந்த வீட்டுக்காரனே அதைத் தொடக்கூடாது என்று சொல்லும் ஏற்பாடு வேறெப்படி முடியும்?

3

இனி என் கேள்விக்கு வரலாம். 2007இல் மேயர், மோரான் இருவரும் ஒலிப்பொறியாளர் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்துல்லியத் தட்டின் ஒலியை நேரடியாகவும், இடையில் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்னும் சி.டி. அளவுக்குள் புகுத்தி எடுத்தும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறையில் சரியான விடை 276. பாதிக்கும் ஒன்று குறைவு. 2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 18 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது சராசரி 52.3 சதவீதம் வந்தது. பயிற்சி பெற்ற காதுகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். வித்தியாசம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் சிலாகித்த 'பளிச்' அதுவல்ல.

மேயர், மோரான் கட்டுரையின் கடைசிப் பகுதிதான் எனக்கு முக்கியமானது. உயர்துல்லியத் தட்டுகள் பலவும் சாதாரண சி.டி.களைவிட நன்றாகவே ஒலிக்கின்றன என்று அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். காரணம் தொழில்நுட்பமல்ல. அந்தத் தட்டுகளுக்கான மாஸ்டரிங் நிதானமாகச் செய்யப்பட்டிருக்கிறது. காரிலும் கடையிலும் உரக்கக் கேட்க வேண்டும் என்பதற்காகச் சி.டி.யில் சன்னமான ஒலியைத் தூக்கி, உரத்த ஒலியை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். விலையுயர்ந்த தட்டில் அந்த வேலை நடப்பது குறைவு.

இதன் மிகத் தெளிவான உதாரணம் ஒரே தட்டுக்குள் இருக்கிறது. பிங்க் ஃப்ளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' 1973இல் வந்த ஆல்பம். முப்பதாம் ஆண்டை ஒட்டி 2003இல் அது கலப்பு எஸ்.ஏ.சி.டி.யாக வந்தது. கலப்புத் தட்டில் இரண்டு அடுக்குகள் உண்டு. அடியில் எந்தச் சி.டி. பிளேயரும் வாசிக்கும் அடுக்கு. அதற்கு மேல், வேறு அலைநீளமுள்ள லேசர் மட்டுமே வாசிக்கும் உயர்துல்லிய அடுக்கு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த அமெரிக்காவின் ஸ்டீரியோஃபைல் இதழ், சி.டி. அடுக்கின் ஒலி அமுக்கி உரக்கப்பட்டிருக்கிறது என்று எழுதியது. உறை ஒன்று, பெயர் ஒன்று, தட்டு ஒன்று. பிரதிகள் இரண்டு. எளிய கருவி உள்ளவனுக்கு ஒன்று, உரிமக் கருவி உள்ளவனுக்கு இன்னொன்று. இரண்டையும் கேட்டுவிட்டு, 'ஆஹா, எஸ்.ஏ.சி.டி. தொழில்நுட்பமே தனிதான்' என்று வியக்கும் கேட்பாளன், இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டுவிட்டு இரண்டு காகிதங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறான். அந்த மாடியறையில் நாங்கள் செய்ததும் அதுதான்.

4

'உயர்துல்லியம்' என்பது ஒரு அளவு மட்டுமல்ல, ஒரு சொல்லாடலும்கூட. ஸ்டுடியோவில் ஒரு மூலம் இருக்கிறது, மற்றவை அதன் மங்கிய நிழல்கள், இந்தத் தட்டு உங்களை மூலத்தின் சன்னிதிக்கே கூட்டிப்போகும் என்பதாக அது இயங்குகிறது. இயந்திர மறுஉற்பத்தி கலைப்பொருளின் ஒளிவட்டத்தை அழித்துவிடுகிறது என்று வால்டர் பெஞ்சமின் முப்பதுகளில் எழுதினார். நுகர்வுச் சந்தை அந்த ஒளிவட்டத்தை மறுஉற்பத்திக்கே மாட்டிவிட்டதை இங்கே பார்க்கிறோம்.

கோப்பு கம்ப்யூட்டருக்குள் வந்ததும் இந்தச் சன்னிதி கலைகிறது. அலைவரிசைப் படத்தைத் திறந்தால், மனிதக் காதின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, ஒரு பிட் முறையின் இரைச்சல் மலைபோல ஏறுகிறது. அது கெடுதல் அல்ல. கேட்கும் பகுதியைச் சுத்தமாக வைக்க, இரைச்சலை அங்கே தள்ளிவிடுவதுதான் இம்முறையின் வேலை. வேறு சில தட்டுகளில் இசை 22 கிலோஹெர்ட்ஸோடு சுவர் எழுப்பியதுபோல நிற்கிறது. பழைய சி.டி. அளவுப் பதிவை ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. ஒரு பிட் வடிவத்தில் ஒலிகளைக் கலக்கவோ ஏற்றி இறக்கவோ முடியாது. அதற்குப் பல பிட் வடிவத்துக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். 'தூய டி.எஸ்.டி.' என்பதில் பலவும் ஒருதரம் வெளியூர் போய்விட்டு வந்தவை.

2022இல் இன்னொரு நாடகம் நடந்தது. மொபைல் ஃபிடெலிட்டி என்னும் அமெரிக்க நிறுவனம் மூல டேப்பிலிருந்து வெட்டியதாகச் சொல்லி விலையுயர்ந்த எல்.பி. தட்டுகளை விற்றுவந்தது. எண்மயத்தை வெறுப்பவர்களின் புகலிடம் அது. நடுவில் டி.எஸ்.டி. கோப்பு ஒன்று இருக்கிறது, அதுவும் 2011 முதலே இருக்கிறது என்று அவ்வாண்டு ஜூலையில் தெரியவந்தது. வழக்கும் தொடரப்பட்டது. பதினோரு வருஷம் அந்தத் தட்டுகளை 'அசல் அனலாக்' என்று மெச்சிய காதுகளைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. என் 9 கணக்கு எனக்கு நினைவிருக்கிறது. காது ஏமாந்தது குற்றமல்ல. காது சொல்வதைச் சரிபார்க்க வேறு வழியில்லாதபடி கேட்பாளனை வைத்திருந்ததுதான் விஷயம்.

5

எனவே, பூட்டு எதைத் தடுத்தது என்று கேட்க வேண்டும். திருட்டை என்று நிறுவனங்கள் சொல்லும். ஆனால் திருட நினைத்தவனுக்கு அதே ஆல்பத்தின் பூட்டில்லாத சி.டி. பக்கத்திலேயே இருந்தது. கலப்புத் தட்டில் அது அடியடுக்கிலேயே இருந்தது. பூட்டு நடைமுறையில் தடுத்தது ஒப்பீட்டை. இந்தத் தட்டைக் கேட்கலாம், படிக்கக்கூடாது. விற்பவர் சொல்லும் மொழியில் வியக்கலாம், அளந்து பார்க்கக்கூடாது. எம்.ஏ. வகுப்பில் கட்டுடைத்தல் என்ற சொல்லைப் பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணியவன் நான். ஒரு பூட்டைத் திறப்பதும் வாசிப்பின் முதல் காரியமாக இருக்கக்கூடும் என்று எந்த ஆசிரியரும் சொல்லித்தரவில்லை. அதே வகுப்பில் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த கதையைப் படித்தோம். பாடபேதம் பார்க்க ஏடுகள் கையில் வேண்டும். பெட்டியில் பூட்டிய ஏட்டுக்குப் பாடபேதம் கிடையாது, பூசை மட்டும்தான்.

சட்டத்தையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டைத் திறப்பதையே, சில விலக்குகள் தவிர, தடைசெய்கிறது. இந்தியாவில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு திறப்பதைத்தான் குற்றமாக்குகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் சின்னதல்ல. விலை கொடுத்து வாங்கிய தட்டை ஒப்பிட்டுப் பார்க்கத் திறப்பது வேறு, திறந்ததை ஊருக்கெல்லாம் வாரி இறைப்பது வேறு. இரண்டாவதில் இசைக்கலைஞனின் கூலி போகிறது. அதை விடுதலை என்று அலங்கரிக்க நான் தயாரில்லை.

ஆனால் உருவி எடுப்பவர்களோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. அவர்களில் பலர் உடைத்த சன்னிதிக்கு அடுத்த கணமே புதிய பூசாரிகளாகிவிடுகிறார்கள். கோப்பின் எடையைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். எந்த வருஷத்துத் தட்டு, மாஸ்டரிங் யார், மாற்றும்போது ஒலியளவை எத்தனை டெசிபல் கூட்டினோம் என்று எழுதிவைப்பவர்கள் குறைவு. டி.எஸ்.டி.யை ஃப்ளாக் ஆக்கும்போது 6 டெசிபல் கூட்டுவது வழக்கம். உரக்கக் கேட்பது நல்லதாகத் தோன்றும் என்பதை அறியாமல் ஒப்பிட்டால், பழைய மயக்கம் புதிய கோப்பில் தொடரும்.

அவசரமும் இருக்கிறது. இவ்வகைத் தட்டுகளை வாசித்த நல்ல பிளேயர்களைச் செய்துவந்த ஓப்போ 2018இல் அந்தத் தொழிலை நிறுத்திக்கொண்டது. பிளேஸ்டேஷன் 3யின் பிற்கால மாடல்களில் எஸ்.ஏ.சி.டி. வசதியே இல்லை. மிச்சமிருக்கும் பிளேயர்களின் லேசர் மங்கிய பிறகு பூட்டு இருக்கும், சாவி இருக்காது. நண்பன் இப்போது ஒவ்வொரு ஐ.எஸ்.ஓ. கோப்போடும் ஒரு சிறு குறிப்புக் கோப்பையும் வைக்கிறான்: தட்டின் எண், வருஷம், இரண்டு அடுக்குகளின் அளவுகள், என்ன மாற்றினான், என்ன மாற்றவில்லை. அந்த ஜாஸ் தட்டின் குறிப்பில் கடைசி வரியாக என் 9ஐயும் அவனுடைய 8ஐயும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்திருக்கிறான்.