குடிநோயாளர் தோழமைக் குழுவும் சபையின் செவியும்: ஒரு மதிப்பீடு

குடியினின்று மீள விழைவோர் கூடும் குழுக்களில் ஒருவரோடொருவர் எவ்வாறு உறவாடுகின்றனர் என்பது, சமூகவியலார் நெடுங்காலமாக ஆழ்ந்து நோக்கிவரும் பொருளாகும். இவ்வாய்வுகளை இறையியல் மாணவர் கற்றல் வேண்டும் என்பதே நம் கருத்து. எனினும், அவற்றின் முடிவுகளை அப்படியே பழனி மலைத்தொடரின் சிற்றூர்களுக்குப் பொருத்துதல் தகுமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இக்குழுக்களின் பிறப்பு திருச்சபைக்கு அந்நியமானதன்று. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் ஆகிய இருவரின் சந்திப்பால் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ தோன்றியது. இருவரும் லுத்தரன் போதகரான பிராங்க் புக்மன் தொடங்கிய ஆக்ஸ்போர்டு குழுவில் பழகியவர்கள். குறைகளை ஒருவரிடமொருவர் அறிக்கையிடுதல், இழைத்த தீங்குக்கு ஈடுசெய்தல் ஆகிய வழக்கங்கள் அங்கிருந்தே வந்தன. யாக்கோபு 5:16 சுட்டும் கடமையை நாம் மறந்திருக்க, குடிநோயாளர் அதனைக் கைக்கொண்டனர் எனலாம்.

ஆய்வுகளுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். கிரகரி பேட்சன் 1971இல் வெளியிட்ட கட்டுரையில், குடிப்பவன் தன் மனவுறுதியால் புட்டியை வெல்லப் போராடுவதே அவனை மீண்டும் வீழ்த்துகிறது என்றும், தோல்வியை ஒப்புக்கொள்வதிலேயே மீட்சி தொடங்குகிறது என்றும் வாதிட்டார். பின்லாந்து நாட்டுச் சமூகவியலார் இல்க்கா ஆர்மினன், கூட்டங்களின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1998இல் நூலொன்று எழுதினார். ஒருவர் பேசுகையில் பிறர் குறுக்கிடுவதில்லை. பின்னர்ப் பேசுவோர் முன்னவருக்கு அறிவுரை கூறாது, அவர் சொன்னதைத் தொட்டுத் தம் கதையையே சொல்கின்றனர் என அவர் காட்டினார்.

இது சிறிய செய்தியன்று. மலைச் சபையொன்றில் நாம் ஊழியம் செய்த நாட்களில், பூண்டுத் தோட்டக் கூலியாள் ஒருவர் சனிக்கிழமை மாலை நம்மிடம் வந்து தம் குடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மூன்றாம் வாக்கியத்திலேயே நாம் வேதவசனம் எடுத்துரைத்தோம், ஜெபித்தோம், வாக்குறுதியும் வாங்கினோம். அவர், ‘சரிங்கய்யா’ என்று எழுந்து போனார். மீண்டும் வரவில்லை. ஆர்மினனின் நூலைக் கற்றபோதுதான், அவர் சொல்ல வந்ததை நாம் கேட்கவேயில்லை என்பதை உணர்ந்தோம்.

ஆயினும் இவ்வாய்வுகளுக்கு எல்லை உண்டு. மாக்கெலாவும் உடனாய்வாளரும் 1996இல் வெளியிட்ட விரிவான நூல் எட்டுச் சமூகங்களை ஒப்பிட்டது. அவற்றுள் ஒன்றேனும் ஆசியாவைச் சார்ந்ததன்று. இக்குறை நம் சூழலில் மூன்று வகையில் வெளிப்படுகிறது.

முதலாவது, பெயர் மறைத்தல். பெருநகரில் அந்நியர் நடுவே அது இயலும். பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களிலோ ஒருவரின் நடையைக் கண்டே இன்னார் மகன் என்பர். ஆகவே இங்கே காக்கவேண்டியது பெயரையன்று. கேட்டதை வெளியே சொல்லாத நாவடக்கத்தையே.

இரண்டாவது, விளிச்சொல். ஆர்மினன் காட்டும் முறைப்படியான பேச்சு, சமநிலையினரின் பேச்சு. நம் மலையில் தோட்டக்காரர் கூலியாளை ‘நீ’ என்பார். கூலியாள் அவரை ‘ஐயா’ என்பார். அவ்விருவரும் ஒரே விரிப்பில் அமர்ந்து, முன்னவர் குறுக்கிடாது பின்னவருக்குச் செவிகொடுப்பாராயின், அங்கே நிகழ்வது குடிநீக்கம் மட்டுமன்று; சாதி வகுத்த வரம்பும் அசைகிறது. இதனை மேலைநாட்டு ஆய்வு காண இயலாது. நம் மாணவர் காண இயலும்.

மூன்றாவது, அறைக்கு வெளியே நிற்கும் கடை. 1983இல் நிறுவப்பெற்று, 2003 முதல் சில்லறை விற்பனையையும் ஏற்ற அரசு வாணிபக் கழகத்தைக் குறிப்பிடாது நம் நாட்டுக் குடியைப் பேசுதல் முழுமையாகாது. உள்ளத்தின் சரணாகதியை விளக்கும் பேட்சன், கூலி நாளின் மாலையை விளக்கவில்லை.

இம்முறை பயன் தருமா எனக் கேட்போருக்கு, 2020இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு விடை தருகிறது. 27 ஆய்வுகளில் 10,565 பேரைக் கருத்திற்கொண்ட அது, வரையறுத்த முறையில் இக்குழுக்களுக்கு வழிநடத்தும் சிகிச்சை, தொடர்ந்த மதுவிலக்கத்திற்குப் பிற சிகிச்சைகளைவிட மிகுந்த பயன் தருவதைக் கண்டது. ஆனால் எண்ணிக்கை, ஒரு மனிதன் கேட்கப்பட்டான் என்பதை நமக்குச் சொல்லாது.

1845இல் அமெரிக்க மதுரை மிஷனார் காய்ச்சலுக்குத் தப்பக் கொடைக்கானலில் வீடு கட்டினர். இன்று அம்மலையின் மக்களுக்கே நலம் தேவைப்படுகிறது. ஆய்வுக்கெனக் கூட்டங்களை நாடும் மாணவர், அழைப்பின்றி நுழையாதிருப்பாராக. குறிப்பேட்டை வெளியே வைத்துச் செல்வாராக. ஆயர்மார் பள்ளியறையின் சாவியைக் குழுவினரிடம் கொடுத்துவிட்டு, அழைத்தால் மட்டுமே சென்று, கடைசி வரிசையில் அமர்ந்து கேட்பார்களாக. நாம் அன்று அதனைச் செய்யத் தவறினோம்.